30 குழந்தைகளுக்கு ஒரு தோட்டப் பெட்டி: வாங்கலாமா?

ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண். அதில் இரண்டு, பெட்டிக்குள் இருந்த தென்னை நார்க்கழிவு வில்லைகளுக்கு. மீதி அரை, பிள்ளைகள் பெயர் எழுதிச் செருகிய மரக்குச்சிகளுக்கு. விதைப் பாக்கெட்டுகளுக்குச் சுழியம். பள்ளிக்கூடத்துக்கு இப்படி ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், வேறெதையும் படிக்காவிட்டாலும் விதை பற்றி எழுதியிருப்பதை மட்டும் படித்துவிடுங்கள்.

ஊத்துக்குளிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை எனக்கு. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் சேர்ந்து ஒரே அறை, 26 பிள்ளைகள். 2022இல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு இவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பிரித்து உட்கார வைக்கிறோம். பேரு பூராவும் செடியில இருக்குது, செடியத்தான் காணோம் என்று எங்கள் தலைமையாசிரியர் கிண்டல் செய்வார். எங்கள் பள்ளியில் படித்து இப்போது திருப்பூரில் சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, ஆன்லைனில் இந்தப் பெட்டியை வாங்கி அனுப்பிவிட்டார். விலை 1,899 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம். இதே மாதிரி நாலைந்து பேர் விற்கிறார்கள், படத்தில் எல்லாப் பெட்டியும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

மூடியில் '5 வயது முதல், 30 குழந்தைகளுக்கு' என்று போட்டிருக்கிறது. உள்ளே 30 நார்க்கழிவு வில்லை, 30 பிளாஸ்டிக் கப், ஆறு வளர்ப்புப் பை, ஆறு விதைப் பாக்கெட், பெயர் எழுதும் குச்சி ஒரு கட்டு, தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்று, பூவாளி ஒன்று, பிளாஸ்டிக் கொத்து, சத்து மருந்து என்று 100 மில்லி புட்டி, அப்புறம் வழவழவென்று ஒரு கையேடு. பூவாளி ஒன்றே ஒன்று என்பதைக் கவனியுங்கள். சின்னப் பிள்ளைகள் 26 பேர் இருக்கிற அறைக்குள் ஒற்றைப் பூவாளியை வைத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வில்லைகள் அருமை. காய்ந்து இறுகிப்போய், விரல் கனம்கூட இல்லாமல் இருக்கும். கப்பில் வைத்து வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் ஊற்றினால் கண்ணெதிரே எழும்பி நிற்கிறது. எங்கள் பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து அறை டீச்சர் ஓடி வந்துவிட்டார். தன் வில்லை நண்பனுடையதை விட எவ்வளவு உயரம் என்று, நான் சொல்லாமலேயே ஸ்கேலை எடுத்து அளக்க ஆரம்பித்தார்கள். கையில் ஒட்டாது, நாறாது, மேசை பாழாகாது. பொள்ளாச்சி லாரிகள் கட்டி கட்டியாக ஏற்றிப் போகிற அதே நார்க்கழிவுதான். அது நம்மூரிலிருந்து எங்கேயோ போய், நைலான் வலை சுற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து நமக்கே திரும்பி வருகிறது என்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. அந்த நைலான் வலை மக்காது. செடியைப் பைக்கு மாற்றும்போது கிழித்து எடுத்துவிட வேண்டும். கையேட்டில் இதைச் சொல்லவில்லை.

கையேடு சொல்லாத இன்னொன்றும் உண்டு. நார்க்கழிவு முளைக்கத்தான் நல்லது, வளர்வதற்கு அல்ல. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் ஓட இடம் கொடுக்கும், சத்து என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பச்சை நார்க்கழிவில் கரிமம் 112 பங்கு இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்குதான். வேளாண் பல்கலைக்கழக முறைப்படி சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் போட்டு மக்க வைத்தால்தான் அது 24க்கு ஒன்று என்று இறங்கும். பெட்டியில் வந்தது மக்க வைத்தது இல்லை. அதனால் விதை இலை விரிந்து, அடுத்த இரண்டு இலை வந்த கையோடு செடி வெளிறி அப்படியே நின்றுவிடுகிறது. 'சத்து மருந்து' புட்டியில் என்ன இருக்கிறது என்று எங்கும் எழுதவில்லை. எழுதாததைப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனசில்லை, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய ஆட்டுப் புழுக்கை எரு ஒரு பங்கு, ஊறிய நார்க்கழிவு ஒரு பங்கு கலந்து பைகளை நிரப்பினோம். எருவை அள்ளிப் போட்டது நானும் சத்துணவு அக்காவும் மட்டும். மண் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டுத் தட்டைத் தொடக்கூடாது என்பது கண்டிப்பு. புழுக்கை இந்தப் பக்கம் யார் வீட்டுப் பட்டியிலும் கிடைக்கும், காசு கேட்க மாட்டார்கள்.

இனி விதை.

வெண்டை, தக்காளி, குடைமிளகாய், சூரியகாந்தி, துளசி, லெட்யூஸ் என்று ஆறு பாக்கெட். வெண்டைப் பாக்கெட்டைப் பிரித்தால் விதை பளிச்சென்று ரோஸ் நிறம். முதல் வரிசையில் இருந்த பாப்பா ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "டீச்சர், என்ற வெரலெல்லாம் செவந்துபோச்சுங்க, மருதாணி வெச்ச மாதிரி!" என்று நீட்டினாள். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது: தைரம் கலந்தது, உணவுக்கும் தீவனத்துக்கும் எண்ணெய் எடுக்கவும் ஆகாது. தைரம் ஒரு பூசணக்கொல்லி. மண்ணில் விதை அழுகாமல் இருக்க விதை நேர்த்தி செய்வது வழக்கம்தான். மருந்து கலந்ததை யாரும் தெரியாமல் தின்றுவிடக் கூடாது என்றுதான் அந்தச் சாயமே ஏற்றுகிறார்கள். தோட்டம் வைத்திருக்கிறவருக்கு இது சாதாரண விஷயம், கையுறை போட்டுக்கொண்டு விதைத்துவிட்டுப் போவார். ஆனால் எங்கள் அறையில் பென்சில் முனையிலிருந்து சட்டைப் பொத்தான் வரைக்கும் வாயில் போய்த்தான் வெளியே வரும். '5 வயது முதல்' என்று மூடியில் அச்சடித்துவிட்டு உள்ளே மருந்து விதை வைத்தவர் ஒரு நாளாவது ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பாரா? அத்தனை பேரையும் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கை கழுவ வைத்துவிட்டு, தக்காளியைப் பார்த்தேன். அதுவும் அப்படியே. இரண்டையும் நானே பின்பக்கம் விதைத்தேன்.

மருந்து இல்லாத பாக்கெட்டுகள் மட்டும் சரியா என்றால் அதுவும் இல்லை. லெட்யூஸ் விதை சூடு தாங்காது. மண் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலானவை முளைக்காமல் உறங்கிப்போகும். ஓட்டுக் கட்டடத்துக்குள் எங்கள் ஊர் மத்தியானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குடைமிளகாயும் குளிர்ச்சி கேட்கிற பயிர். இங்கே அதை வைக்கிறவர்கள் நிழல்வலைக் குடில் போட்டுத்தான் வைக்கிறார்கள். துளசி விதை தூசி மாதிரி, சின்ன விரலில் நிற்காது. உருப்படியாக வந்தது சூரியகாந்தி ஒன்றுதான். பூ விரியும் வரை காலையில் கிழக்கே பார்த்தும் பொழுதோட மேற்கே பார்த்தும் அது திரும்புவதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்.

விதை விஷயத்தில் யாரும் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. சட்டப்படி விற்கும் வெண்டை விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 65 சதவீதம். தக்காளிக்கு 70, மிளகாய்க்கு 60, தட்டைப்பயறுக்கு 75. நல்ல விதைக்கே இதுதான் அளவு. ஆளுக்கு ஒரு விதை கொடுத்தால் 26 வெண்டையில் ஒன்பது பேர் கப் வெறுமையாகவே கிடக்கலாம். பெரியவர்களுக்கு அது மூன்றில் ஒரு பங்கு நட்டம், ஆறு வயதுக்கு உலகமே முடிந்த மாதிரி. "என்றது மட்டும் ஏனுங் டீச்சர் மொளைக்கல?" என்று பொக்குன்னு போய் நிற்கும் முகத்துக்குச் சதவீதக் கணக்கு சொல்லிப் புரிய வைக்க முடியாது. கையேடு 'ஒரு கப்புக்கு ஒரு விதை' என்கிறது. மூன்று போடுங்கள். மூன்றும் முளைத்துவிட்டால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை 'பறிச்சுப் பாக்கற கப்'புக்கு மாற்றுங்கள். வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தினமும் செடியைப் பிடுங்கிப் பார்க்கத்தான் செய்வார்கள். திட்டி நிறுத்த முடியாது. அதற்கென்று ஒரு கப்பைக் கொடுத்துவிட்டால் மற்றது பிழைக்கும்.

பாக்கெட்டுகளை ஓரம் வைத்துவிட்டு, வீட்டிலிருந்து விதை கொண்டு வரச் சொன்னேன். அங்கேதான் பாடம் சூடு பிடித்தது. தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கொள்ளு, மொச்சை, வெந்தயம், கொத்தமல்லி, மக்காச்சோளம் என்று டப்பா டப்பாவாக வந்தது. ஒருத்தி துவரம்பருப்பு. ஒருத்தன் வறுத்த நிலக்கடலை, அதுவும் பாதி தின்றது போக மீதி. எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, எல்லாவற்றையும் போட்டோம். பச்சைப்பயறு இரவு ஊறியதும் மறுநாளே வேர் எட்டிப் பார்த்தது. துவரம்பருப்பு ஊறி, குழைந்து, நாற ஆரம்பித்தது. அதன் கப்பையும் முழுத் துவரையின் கப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், இரண்டாக உடைக்கும்போதே முளைக்கிற கரு போய்விடுகிறது என்பது படம் போடாமலே புரிகிறது. வறுத்த கடலைக்காரன் கடைசி வரைக்கும் நம்பிக்கை இழக்கவில்லை, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

கொத்தமல்லி கொண்டு வந்தவளுக்கு அவள் அமுச்சி (அம்மாவின் அம்மா) சொல்லி அனுப்பியிருந்தார்: "செருப்புல லேசாத் தேச்சு ரெண்டா ஒடச்சுப் போடச் சொல்லு சாமி." ஒரு மல்லிக்குள் இரண்டு விதை இருக்கிறது, அதனால்தான். கையேட்டில் இருந்த அத்தனை வண்ணப் படத்தையும் விட இந்த ஒரு வரி பிரயோசனம்.

பெட்டியில் வந்த கப்புகள் கண்ணாடி மாதிரித் தெளிவானவை. அதற்கு ஒரு சபாஷ். ஓரத்தில் பஞ்சு வைத்து விதையைச் செருகினால் வேர் கீழே இறங்குவதும் தண்டு மேலே வருவதும் அப்படியே தெரியும். தட்டைப்பயறு தன் இரண்டு பருப்பையும் தலையில் தூக்கிக்கொண்டு வெளியே வரும். கொண்டைக்கடலையும் மக்காச்சோளமும் பருப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுக் குருத்தை மட்டும் அனுப்பும். கப்பைச் சாய்த்து வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் வேர் நுனி மறுபடியும் தரையைப் பார்த்து வளைந்திருக்கும். ஆனால் இந்தக் கப்புகளின் அடியில் துளை இல்லை! பஞ்சுக்குச் சரி, மண்ணுக்கு எமன். ஆளாளுக்குப் பாசத்தில் ஒரு மடக்கு ஊற்றினால் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாய்ந்துவிடும். செடி செத்ததெல்லாம் தண்ணீர் பத்தாமல் இல்லை, தண்ணீர் அதிகமாகித்தான். கோணூசியைச் சுட்டு நானே துளை போட்டேன்.

தெளிக்கும் பாட்டிலின் விசை சீக்கிரமே முறிந்தது. பூவாளியை வைத்து வந்த சண்டையைத் தீர்க்க, பழைய தண்ணீர் பாட்டில் மூடிகளில் ஊசித் துளை போட்டு ஆளுக்கொன்று கொடுத்தேன். செலவில்லை. வளர்ப்புப் பைகள் மெல்லிசு, அகலம் ஒன்பது அங்குலம்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கிற அடியில் வராந்தாவில் வைத்த பைகள் சாய்ந்து உருண்டன. செங்கல் அண்டை கொடுத்த பிறகுதான் நின்றன. காற்று இன்னொன்றும் செய்கிறது: காலையில் ஊற்றிய ஈரத்தை மத்தியானத்துக்குள் உறிஞ்சிவிடுகிறது. சனி, ஞாயிறு இரண்டு நாள் யாரும் இல்லை என்றால் திங்கட்கிழமை காலை வகுப்பே எழவு வீடாகிவிடும். அதற்குத் திருப்பூர்க்காரர்களுக்குக் கையிலேயே மருந்து இருக்கிறது, பனியன் வேஸ்ட். முழுப் பருத்தித் துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒரு முனையைத் தண்ணீர் நிரம்பிய போசியிலும் மறு முனையைப் பை மண்ணிலும் புதைத்துவிட்டால் துணி வழியாக ஈரம் தானாக ஏறிக்கொண்டிருக்கும். பாலியெஸ்டர் கலந்த துணி எங்களுக்குச் சரியாக இழுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை இப்போது திரி வைக்கிற நேரம்.

கையேட்டைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலமும் இந்தியும்தான், தமிழ் கிடையாது. 'மார்ச்சில் விதையுங்கள், பனி விலகிய பிறகு வெளியே வையுங்கள்' என்று இருக்கிறது. எந்தப் பனி? மார்ச்சில் விதைத்தால் செடி தலை தூக்கும்போது பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் போய்விடுவோம், மே வெயிலில் என்ன மிஞ்சும்? நமக்கு ஜூனில் பள்ளி திறக்கிறது, பிள்ளைகள் பழகி உட்கார ஒரு மாதம், அதற்குள் ஆடிப்பட்டம் வந்துவிடுகிறது. பட்டமும் பள்ளிக்கூடமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தி வருவது வேறெந்தப் பாடத்துக்கும் இல்லை.

ஆறு பைகளில் மூன்றில் சிறுகீரை, தண்டுக்கீரை போட்டோம். கீரை விதையை மணலோடு கலந்து தூவினால் சின்னக் கைக்கும் சீராக விழும். மூன்று, நான்கு நாளில் முளைத்துவிடும், 25 நாள் வாக்கில் பறிக்கலாம். ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கச் சொல்கிற எதுவும் ஒன்றாம் வகுப்புக்கு ஆகாது என்பது என் கட்சி. கீரை சத்துணவுப் பருப்பில் போய்ச் சேர்ந்தது. எல்லாரும் ஆசையாகச் சாப்பிட்டார்கள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். பாதிப் பேர் சாப்பிட்டார்கள். மீதிப் பேர் வழக்கம்போல வட்டல் ஓரத்தில் ஒதுக்கினார்கள், ஒதுக்கிய கீரை யார் பையில் விளைந்தது என்ற சண்டையோடு.

பெட்டியை அனுப்பியவர், "இன்னும் நாலு பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக் குடுக்கலாம்னு இருக்கறனுங் டீச்சர், நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். இந்தப் பெட்டி வேண்டாம். அரசு தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுத்த மாடித்தோட்டத் தளையை (கிட்) பார்த்திருப்பீர்கள்: ஆறு பை, இரண்டு கிலோ நார்க்கட்டி ஆறு, ஆறு வகைக் காய்கறி விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நுண்ணுயிர்ப் பொட்டலங்கள், வேப்பெண்ணெய். மொத்த மதிப்பே 900 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். அதுவும் குழந்தைகளுக்காகச் செய்ததல்ல, விதையையும் வேப்பெண்ணெயையும் பெரியவர்கள்தான் கையாள வேண்டும். ஆனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும், அசோஸ்பைரில்லம் காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்துக் கொடுக்கும். அது கிடைக்கவில்லை என்றால் நார்க்கட்டி இரண்டு, உள்ளூர் உரக்கடையில் கனமான பை பத்து, ஒரு மூட்டை எரு, சந்தையில் முழுப் பயறு வகைகள் கால் கால் கிலோ. ஒரு பள்ளிக்கு 1,899 ரூபாயில் பாதிகூட ஆகாது. மிஞ்சுகிற காசில் சோப்பு வாங்கிக் கொடுக்கச் சொன்னேன்.

வில்லைகள் மட்டும் தனியாகக் கிடைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். விதை இல்லாமல் வில்லையும் குச்சியும் மட்டும் அனுப்ப முடியுமா என்று கம்பெனிக்குக் கேட்டு எழுதினேன். விதை நேர்த்தி செய்ததுதான் தரமான விதை என்று ஆங்கிலத்தில் ஒரு பதிலும், அடுத்த பெட்டிக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பனும் வந்தது.